ஆரணியின் பியோனித் தொட்டிகள்

மார்ச் 18, செவ்வாய்

காற்று. ஃபியோர்ட் கடற்கழியில் புறப்பட்டு வேறெங்கும் நிற்காமல் நேரே என் காதுக்குள். வெயில் உண்டு, சூடு இல்லை. படத்தில் வரைந்த அடுப்பு.

இன்று பின்னேரம் மூன்று மகாராணிகள் என் வீட்டுப் பின்முற்றத்தில் எழுந்தருளினார்கள். அதாவது ஆரணியின் மூன்று பியோனிப் பூச்செடித் தொட்டிகள். பெரியது, நடுவானது, சின்னது. பெரியது ஒரு யானைக்கன்றின் பாரம். யென்ஸ் ஒரு பக்கம் பிடித்தான், நான் மறுபக்கம். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு வாங்கியது கோல்டிங் நகரம் முழுவதற்கும் போதும்.

ஆரணி என் தங்கையின் மகள். யென்ஸ் அவள் புருஷன், டேனிஷ்காரன், நல்ல பிள்ளை. தங்கை கனடாவில். ஆகவே இந்த டென்மார்க் ராச்சியத்தில் தாய்மாமன் என்ற சிம்மாசனத்தில் நான் ஒருவனே. ஆரணிக்கு வயிற்றில் இரட்டை. அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி. பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டொக்டர் உத்தரவு. அதனால் தொட்டிகள் இங்கே.

காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஆணை பிறப்பித்தாள்:

"மாமா, குளிருக்குச் சுத்தின சாக்கைக் கழட்டுங்கோ. போன வருஷத்துக் காஞ்ச தண்டை அடியோட வெட்டுங்கோ. தொட்டிக்குக் கீழ கட்டை வையுங்கோ, தண்ணி வடியவேணும். வேற ஒண்டும் செய்யாதேயுங்கோ."

"பிள்ளை, நான் ஆர் எண்டு நினைச்சாய்? என்ர கை பட்டா விளக்குமாறும் துளிர்க்கும்."

"அதுதான் மாமா பயம்."

சிரித்தோம். பூப்பது ஜூனில். ஒவ்வொன்றும் சோற்றுக் கோப்பை அளவாம். பிள்ளைகளைக் கொண்டு வரும்போது பூத்திருக்க வேண்டுமாம். அவ்வளவுதான் கேட்டாள்.

கட்டை வைக்கும்போது யென்ஸ் டேனிஷில், மெல்லமாக: நேற்று ஸ்கேன். ஒன்று நல்ல வளர்த்தி. மற்றது இருக்கவேண்டிய அளவில் இல்லை. அதற்குப் போகும் இரத்தம் காணாதாம், குறைவாம். இனி அடிக்கடி அளப்பார்களாம்.

எனக்குப் பயம் இல்லை. காய்ந்த தண்டுகளை வெட்டினேன். கத்தரிக்கோல் ஏனோ ஆடியது. பழைய கத்தரிக்கோல்.

மார்ச் 20, வியாழன்

மேகம். வேலை முடிந்து (முதியோர் இல்லக் குசினி, இன்று மீன், நாளையும் மீன்) நேரே தோட்டக் கடை. வாங்கியவை: மண் மூன்று பை, கோழி எரு உருண்டை ஒரு வாளி, பெரிய தொப்பி. தொப்பி தேவையில்லை, பதவிக்கு ஏற்ற தலை வேண்டுமே.

வேற ஒன்றும் செய்யாதே என்றாள்தான். ஆனால் மூன்று தொட்டியிலும் மண் இறங்கிக் கிடந்தது. பார்க்கவே பரிதாபம். வாழைக்கு அணைக்கிறமாதிரி மூன்றுக்கும் மண் அணைத்தேன். மண், எரு, மேலே மீண்டும் மண். இமயமலை மூன்று. செடியைக் கண்டால் அடியில் மண் அணைக்காமல் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்காது.

யோகம் (மனைவி, இனி யோ., மை மிச்சம்) கதவைத் திறந்து மூக்கைப் பொத்தினாள்.

"என்னப்பா இது, கோழிப்பண்ணையோ?"

"விஞ்ஞானம்."

"விஞ்ஞானத்தைக் கழுவிப்போட்டு உள்ள வாங்கோ."

மார்ச் 23, ஞாயிறு

மழை விட்டு விட்டு. ஆரணி வீடியோவில். சோபாவில் கால் நீட்டி, வயிற்றின் மேல் தேத்தண்ணிக் கோப்பை. நான் தொப்பியோடு, போனை மலைகளின் பக்கம் திருப்பிக் காட்டினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது டேனிஷில் ஏதோ. கோபம் வந்தால் அவளுக்கு டேனிஷ்தான் வாயில் முந்தும்.

"மாமா. கண்ணை மூடிப்போட்டியள்."

"ஆற்ற கண்ணை?"

"அதின்ர முளையை. சிவப்பாக் கிடக்கும், கண் எண்டுதான் சொல்லுறது. மேல மண் ரெண்டு விரல் கனத்துக்கு மிஞ்சக்கூடாது. ஆழத்தில தாட்டா இலைதான் வரும். பூவே வராது."

பூவே வராது. இதைச் சொன்னபோது அவளுக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. பூவுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை, இப்பவே எடுக்கிறன். அரை மணித்தியாலத்தில இமயமலையைத் தரைமட்டமாக்குவன்."

யோ.வின் சம்பல் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன். மழைக்குள், முழங்காலில். முதலில் பெரிய தொட்டி. கண்கள் தெரிந்தன: இரத்தச் சிவப்பு, நுனி கூர், மண்ணுக்குள் கூட்டமாக. யாரோ அடியிலிருந்து என்னைப் பார்க்கிறமாதிரி.

சின்னத் தொட்டியில் இருந்தவை இரண்டே கண். கரண்டி வழுக்கியது. ஒன்று ஒடிந்து கையில் வந்துவிட்டது.

உள்ளே வெள்ளை. ஈரம்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. யோ. கரண்டியைத் தேடுகிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெயில். பெரிய தொட்டியில் சிவப்புத் தண்டுகள் அரைச் சாண் எழுந்துவிட்டன, விரல்கள் மாதிரி. நடுவிலும் பரவாயில்லை. சின்னதில் மிஞ்சிய அந்த ஒன்று, ஒரு கட்டைவிரல் உயரம். நிற்கிறது. நிற்கிறது என்றுதான் சொல்லலாம்.

இன்று ஸ்கேன். நான் குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது யென்ஸ் போன் பண்ணினான். பெரியவர் நன்றாக வளர்கிறார். சின்னவர் வளர்ந்திருக்கிறார், ஆனால் காணாது. (பெரியவர், சின்னவர் என்று பட்டம் சூட்டியது அடியேன். இரண்டும் பெண் என்று தெரிந்த பிறகும் பட்டத்தை மாற்றவில்லை. அரசாணை.)

எத்தனை கிழங்கு உரித்தேன் என்று தெரியவில்லை. சமையல்காரி வந்து, "இன்றைக்குக் கோல்டிங்குக்கே சாப்பாடு போடப்போகிறாயா?" என்று டேனிஷில் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றாமல் நேரே சின்னத் தொட்டிக்கு. யோ. கதவடியில் நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, செடியைப் பாத்து அந்தப் பிள்ளைக்குப் பலன் பாக்காதேயுங்கோ."

"விசர்க் கதை கதையாதையும். நான் தண்ணி காணுமோ எண்டு பாக்கிறன்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் பாப்பியள்?"

கோயிலில் நூல் கட்டினால் சிரிப்பவன் நான். சாத்திரியார் வீட்டுப் பக்கமே போகாதவன். அறிவியலின் கடைசிக் காவல்காரன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பிற்காலத்துக்கு ஆதாரமாக.

ஆனாலும் அந்த ஒன்று பட்டுப்போகக் கூடாது.

ஏப்ரல் 16, புதன்

இன்றிரவு குளிர் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று ரேடியோ. நேற்று வரை கையில்லாச் சட்டை போட்டுத் திரிந்த நாடு.

இருட்ட முன்பே மூடினேன். பெரியதுக்குக் கட்டில் விரிப்பு. நடுவானதுக்கு மேசைத்துணி. சின்னதுக்கு என் பட்டு வேட்டி, கோயிலுக்கு மட்டும் கட்டுவது. நாலு தடி நட்டு, துணி தண்டில் முட்டாமல், கூடாரம். சக்கரவர்த்திகளே இப்படி ஒரு கூடாரத்தில் படுத்திருக்க மாட்டார்கள்.

வேலிக்கு அப்பால் கிழவன் பவுல்: "கலியாணமா உங்கள் வீட்டில்?"

"இல்லை, குளிர்."

தலையாட்டிவிட்டுப் போனான். நல்ல மனிதன். அதற்குமேல் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

புல்லெல்லாம் வெள்ளை. துணியை எடுத்தேன். பெரியது நிமிர்ந்து நின்றது. நடுவானதும். சின்னது தலை குனிந்து, அவித்த கீரைமாதிரி.

குந்தி இருந்தேன். தொடவும் பயம், தொடாமலிருக்கவும் பயம். யோ. தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். அவளுக்கு முழங்கால் வருத்தம், குந்தவே கூடாது.

வெயில் சுவருக்கு மேலே ஏறியதும் தண்டு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். குளிர் பிடித்தால் அப்படிச் சாய்ந்து பிறகு எழும்பும் செடிதானாம். ஆரணிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாதே.

தேத்தண்ணி ஆறிவிட்டது. வேட்டியில் மண்.

மே 3, சனி

மப்பு வானம், சூடு, ஈரம். இலைகள் விரிந்துவிட்டன. சிவப்பு போய்ப் பச்சை. தண்டு சாயாமல் இருக்கக் கம்பி வளையம் போட்டேன். பிந்திப் போட்டால் இலை உடையும் என்று ஆரணி. பெரியது வளையத்துக்குள் மகாராணிமாதிரித்தான். சின்னதுக்கு வளையம் பெரிய ஆள் சட்டை போட்ட பிள்ளைமாதிரி.

நடுத் தொட்டியில் ஒரு தண்டு அடியில் கறுத்து, மேலே சாம்பல் பூத்து இருந்தது. படம் எடுத்துக்கொண்டு தோட்டக் கடைக்கு ஓடினேன். கார் தானாகப் போனது, நான் கூடப் போனேன்.

கடைக்காரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூஞ்சணம். அடியோடு வெட்டிக் குப்பையில் போடு, எருக்குவியலில் போடாதே, கத்தரிக்கோலைக் கழுவு, மற்றச் செடிக்குப் பரவும்.

"பக்கத்தில் சின்ன ஒன்று இருக்கிறது. அதற்கும் பரவுமா?"

"பரவலாம். தள்ளி வை. இலையில் படாமல் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்று." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அது பூச்செடிதானே," என்றாள்.

ஓம், பூச்செடிதான்.

வெட்டினேன். கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டேன். சின்னத் தொட்டியை முற்றத்தின் மறுமூலைக்குத் தனியாக இழுத்து வைத்தேன். முதுகடியில் நாரி பிடித்துக்கொண்டது. வரலாறு இந்த நாரியை மறக்காது.

மே 15, வியாழன்

ஆரணியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் இதயத் துடிப்புக் கேட்க வேண்டுமாம். யோ. றால் குழம்பு வைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி முழுவதும் மணத்திருக்கும்.

தொட்டிகளில் மொட்டு. பெரியதில் நிறைய. சின்னதின் ஒரே தண்டில், நுனியில் ஒரு மொட்டு, நெல்லிக்காய் அளவு. அதற்குக் கீழே, இலைக் கக்கத்தில், இன்னுமொன்று. பட்டாணி அளவு.

பின்னேரம் ஆரணியின் குரல் பதிவு போனில் வந்து கிடந்தது. படுத்துக்கொண்டு கதைக்கிறாள், மூச்சு இளைக்கிறது:

"மாமா, மொட்டு வந்திருக்கும் இப்ப. பக்கத்தில வாற சின்ன மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கோ. பட்டாணிக்கு மேல வளர விடாதேயுங்கோ. அப்பதான் சத்தெல்லாம் பெரியதுக்குப் போகும். பெரிசாப் பூக்கும்."

இரண்டு தரம் கேட்டேன். அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. செடிக்குச் செய்யும் வேலை அது, எல்லாரும் செய்வது, புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

பெரிய தொட்டியில் கிள்ளினேன். மூன்று, நான்கு. நடுவிலும். பிறகு மறுமூலைக்குப் போனேன்.

விரலை வைத்தேன். மொட்டு உருண்டையாக, வழுவழுப்பாக, ஒட்டும் ஈரத்தோடு. ஒரு நகம் போதும்.

முடியவில்லை. மீசை வைத்த, பனிப்புயலில் சைக்கிள் ஓட்டிய, ஒரு தரம் பவுலின் நாயை வெறும் பார்வையாலேயே துரத்திய நான், பட்டாணி அளவுச் சாமானுக்கு முன்னால் நகத்தை மடக்கிக்கொண்டு நின்றேன். யோ. பின்னால் வந்து நின்றிருக்கிறாள். அவள் இதற்கெல்லாம் சிரிப்பவள்.

"அதைக் கிள்ளாதேயுங்கோ," என்றாள். சிரிக்கவில்லை.

மே 17, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆரணி வயிற்றைச் சுற்றிப் பட்டி. பக்கத்து இயந்திரப் பெட்டியிலிருந்து இரண்டு துடிப்புச் சத்தம், ஒன்று நிதானம், மற்றது ஓட்டம். எது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

"கிள்ளினனீங்களோ மாமா?"

"ஓம் பிள்ளை. பெரியதில, நடுவில, எல்லாம் கிள்ளியாச்சு. கோல்டிங் தோட்டத் துறை வந்து பாத்துப் பாராட்டிப்போட்டுப் போகுது."

"சின்னத் தொட்டியில?"

வாய் நிறையப் பொய் வைத்திருந்தேன். அதை விழுங்கினேன். யோ. ஜன்னலைப் பார்த்தாள்.

"அதில ஒரு தண்டுதான் பிள்ளை. ஒரு பெரிய மொட்டு. ஒரு சின்ன மொட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அந்த ஓடுகிற சத்தம். கை தானாக வயிற்றின் இடப்பக்கம் போனது.

"விடுங்கோ மாமா," என்றாள். "இருக்கட்டும். ரெண்டும் இருக்கட்டும்."

யென்ஸுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது. ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தான், ஒருவரும் கேட்காமல்.

மே 24, சனி

எறும்பு. மொட்டுகள் மேல் ஊர்வலம். யோ. மஞ்சள் தூள் டப்பாவோடு போருக்குப் புறப்பட்டாள், தடுத்தேன். மொட்டில் சுரக்கும் இனிப்புக்கு வருகிறவை, ஒன்றும் செய்யாவாம். சின்ன மொட்டிலும் இரண்டு எறும்பு. அதைக் கண்டு மகிழ்ந்த ஒரே மனிதன் நான். இனிப்பு இருந்தால் உயிர் இருக்கிறது.

சின்ன மொட்டு இன்னும் பட்டாணிதான். கொஞ்சம் கூடவாக இருக்கலாம். பார்த்துப் பார்த்துக் கண் பொய் சொல்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

யென்ஸ் போன் பண்ணினான். சின்னவர் வளர்வதை நிறுத்திவிட்டார். நாளைக் காலை ஒப்பரேஷன், இரண்டையும் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே நல்லதாம்.

நல்லதாம்.

தங்கை கனடாவில் விமானச் சீட்டுக்கு அலைகிறாள். போனில் அழுதாள். நான் பெரிய குரலில் பகிடி விட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

எழுத ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

வெயில். வேலைக்குப் போகவில்லை. அறைக்குள் யென்ஸ் மட்டும்தான் நிற்கலாம். ஆகவே வீட்டில். தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தால் மீண்டும் ஊற்றினேன். தொட்டிக்குக் கீழே ஓடியது.

"என்னப்பா, அழுகப் பண்ணப்போறியளோ?"

வாளியை வைத்தேன். பிறகு தூக்கினேன். பிறகு வைத்தேன்.

போன். யென்ஸ், தமிழில், தானாகப் படித்து வைத்திருந்த தமிழில்:

"மாமா. ரெண்டும் அழுகுது."

ரெண்டும் அழுகுது. இதைவிட நல்ல வசனம் எந்த மொழியிலும் இல்லை.

ஆரணி சுகம். பெரியவர் சுகம். சின்னவர் கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் குழாய். பாரம் ஒரு சீனிப் பையைவிடக் கொஞ்சம் கூட. யோ. குசினிக்குப் போய்ச் சீனிப் பையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். நானும் வாங்கிப் பார்த்தேன். பிறகு இருவரும் அதை மேசையில் மெதுவாக வைத்தோம்.

ஜூன் 9, திங்கள்

நேற்றிரவு மழை. பெரிய தொட்டி பூத்துவிட்டது. இளஞ்சிவப்பு, சோற்றுக் கோப்பை என்று சொன்னது சரி. எனக்கென்றால் கோயில் கொப்பரை. சின்னத் தொட்டியின் நுனி மொட்டும் விரிந்துவிட்டது. கீழே உள்ளது மூடியபடி. கல். விரலால் தொட்டால் கல்.

பெரியவர் பால் குடிக்கிறார், கத்துகிறார், ஆரணியின் அறையில் தொட்டிலில். சின்னவருக்கு இன்னும் குழாயால்தான் பால். தானாக உறிஞ்சக் களைக்கிறதாம். நேற்று ஒரு தரம் மூச்சு நின்று வந்ததாம். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி வரும் என்று தாதி சொன்னாளாம், மிகச் சாதாரணமாக.

மழை திரும்பத் தொடங்கியது. விரிந்த பூ தண்ணீர் பிடித்துச் சாய்ந்து மொட்டை அமத்தியது. யோ. தன் குடையைக் கொண்டு வந்து தொட்டியில் குத்தினாள். அவளுடைய நல்ல குடை, பூப் போட்டது. பலன் பார்க்காதே என்றவள்.

நான் குடைக்காம்புக்குக் கல் அண்டை கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சின்ன மொட்டு இன்னும் கல். வெளிப்பக்கத்தில் ஒரு கோடு நிறம் தெரிகிறமாதிரி. இல்லாமலும் இருக்கலாம். கண்ணாடிப் பெட்டியிலும் மாற்றம் இல்லை.

நாளை தங்கை வந்து இறங்குகிறாள். செவ்வாய் எங்களையும் உள்ளே விடுவார்களாம்.

ஜூன் 17, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே போன். யென்ஸ்: குழாயை எடுத்துவிட்டார்கள். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் முழுப் போத்தலும் தானாகக் குடிக்கிறாள். வாருங்கள்.

சப்பாத்து வேறு வேறு சோடி. ஆஸ்பத்திரியில்தான் கண்டேன்.

கையை முழங்கை வரை கழுவச் சொன்னார்கள். ஒப்பரேஷன் செய்ய வந்த பேராசிரியர் மாதிரிக் கழுவினேன். ஆரணி நாற்காலியில், சட்டைக்குள், தோலோடு தோலாகச் சின்னவர். உச்சந்தலை மட்டும் தெரிந்தது, கறுப்பு மயிர், என் உள்ளங்கை அளவுத் தலை. தங்கை பெரியவரை வைத்துக்கொண்டு அழுதாள், நல்ல அழுகை.

"விரலைக் குடுங்கோ மாமா."

"வேண்டாம் பிள்ளை. என்ர கை மம்பட்டி."

"குடுங்கோ."

கொடுத்தேன். சின்னவர் பிடித்தார். துறைமுகத்தில் கப்பலையே தூக்குகிற கிரேன் கூட அப்படிப் பிடிக்காது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. தாதி வந்து நேரம் முடிந்தது என்ற பிறகும் விடவில்லை. நான் கதைக்கவில்லை. ஒரு வார்த்தையும். யோ. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வந்து சாப்பிட்டேன், இரண்டு கோப்பை சோறு. படுத்தேன். எழும்பினேன். தேத்தண்ணி. எல்லாவற்றையும் யோ.வுக்குத் திரும்பவும் சொன்னேன், அவளும் அங்கேதான் நின்றாள் என்பதை மறந்து.

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"சின்ன மொட்டைப் பாத்தனீங்களோ?"

மொட்டு. இன்று முழுவதும் அந்தப் பக்கமே நினைவில்லை.

"அது காலமையே விரிஞ்சிட்டுது. நீங்கள் அதை இடிச்சுக்கொண்டுதான் காருக்கு ஓடினனீங்கள்."